ரோன்டா கெஸ்லருக்கு வந்த அழைப்பு

குப்பைத் தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டு ரோன்டா கெஸ்லர் நன்கொடை கேட்கும் ஒரு கடிதத்தை எடுக்கிறாள். எங்கள் கட்டடத்தில் தபால்பெட்டிகளுக்குக் கீழே இருக்கும் தொட்டி அது. மற்றவர்கள் பிரிக்காமலே வீசுவதை அவள் பிரிப்பாள். நின்றபடியே படிப்பாள். காதில் செருகிய பேனாவை எடுத்துத் திருத்துவாள்.

“பசி நாலாவது பத்தியிலதான் வருது பாருங்க தலைவரே. அதுக்குள்ள படிக்கிறவனுக்கே பசிச்சு எந்திரிச்சுப் போயிடுவான்.”

நான் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் துண்டறிக்கை எழுதியவன். ‘தலைவரே’ என்பது மரியாதை இல்லை, கேலி.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நெடிய உருவம், நடக்கும்போது யாரோ துரத்துகிற மாதிரி வேகம். மில்வாக்கி நகரத்தின் தென்பகுதியில், ஏழைப் பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் எழுத்து வேலை பார்த்தாள். செய்தி மடல், ஆண்டறிக்கை, நன்கொடைக் கடிதம், இயக்குநரின் மேடைப் பேச்சு எல்லாம் அவள் எழுதியது. இயக்குநரின் அம்மா இறந்தபோது அவர் அழுதுகொண்டே வாசித்த இரங்கலுரையும் அவள் எழுதியதுதான். அங்கே சங்கம் கட்டலாம் என்று ஒருமுறை உறுப்பினர் அட்டையை நீட்டினேன். “இது கம்பெனி இல்ல தலைவரே, குடும்பம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அரசு மானியம் நின்ற வாரமே குடும்பம் அவளை வெளியே அனுப்பியது. கண் பரிசோதிப்பவரை அனுப்பினால் அன்றைக்கே வேலை நின்றுவிடும். எழுதுகிறவளை அனுப்பினால் யாருக்கும் உடனே உறைக்காது.

அதன் பிறகு வேலை தேடுவதே வேலை. கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் எந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, விளம்பரங்களைப் படித்து எங்களுக்குப் பொருள் சொல்வாள்.

“‘பல பொறுப்புகளை ஒரே நேரத்தில் சுமக்கக்கூடியவர்.’ அப்படின்னா மூணு பேரத் தூக்கிட்டாங்க. ‘லட்சியப் பற்று உள்ளவர்.’ சம்பளத்தப் பத்திப் பேசக் கூடாது.”

சிரிப்போம். அவளும் சிரிப்பாள். பிறகு மாடிக்குப் போய் அதே வேலைக்கு மனுப் போடுவாள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே மாதிரிக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொல்வார்கள். கூலி கிடையாது. நூறு பேருக்குச் சமைத்துப் போடு, ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு சமையல்காரனிடம் சொன்னால் கரண்டியாலேயே அடிப்பான். எழுதுகிறவர்கள் அடிக்க மாட்டார்கள், நல்லவர்கள். ரோன்டா ஒவ்வொரு மாதிரியையும் நிஜக் கடிதம் போலவே எழுதி அனுப்பினாள். ஒரே ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது: உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம்.

கோடையில் வியாழக்கிழமைதோறும், இலவசமாக உணவுப் பொருள் தரும் உணவு வங்கியின் வரிசையில் நிற்க ஆரம்பித்தாள். பீன்ஸ் டப்பா, மக்ரோனி, அழுகாத வாழைப்பழம் இருந்தால் அதுவும். அங்கே அவள் யாரோடும் பேசுவதில்லை. ஆகஸ்டில் அதே உணவு வங்கியின் அலுவலகம் எழுத்து வேலைக்கு ஆள் கேட்டது. மாதிரிக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். அப்படி ஒரு பத்தியை நான் வாழ்நாளில் எழுதியதில்லை.

செப்டம்பரில் தொலைபேசி வந்தது. “உணவு வங்கி தகவல் தொடர்புப் பிரிவுலேர்ந்து பேசுறேன், உங்கள நேர்ல பாக்கணும்.” மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு, அயோவாவில் தங்கை வீட்டுச் சோபாவுக்குப் போவதாக இருந்தவள், அன்றோடு பெட்டி கட்டுவதை நிறுத்தினாள்.

என் காரில் கூட்டிப் போனேன்.

“உள்ள வந்து முதலாளி, தொழிலாளின்னு ஆரம்பிச்சீங்க, கொன்னுடுவேன்.”

“வாயே திறக்கல தாயே.”

சின்ன அறை. மூலையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். டெஸ்ஸா என்ற பெண், முப்பது வயதிருக்கும், ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தாள்.

“வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. மொதமொதல்ல இங்க சாப்பாடு வாங்க வந்தப்ப எப்படி இருந்தது?”

தன் கடிதங்களை அடுக்கிக் கொண்டுவந்த கோப்பைத் திறந்த ரோன்டாவின் கை அப்படியே நின்றது.

“நான் எழுத்து வேலைக்கு மனுப் போட்டிருந்தேன்” என்றாள் ரோன்டா. “அதுக்குத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“ஐயோ, இல்லங்க. வியாழக்கிழமை சாப்பாடு வாங்க வர்றவங்க லிஸ்ட்லேர்ந்து உங்க பேர எடுத்தேன். அந்த வேலை…” டெஸ்ஸாவின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. “அதுல நான்தான் சேந்திருக்கேன். இந்தத் திங்கக்கிழமை.”

“எந்திரி ரோன்டா, போலாம்” என்றேன்.

அவள் எழவில்லை. கோப்பை மூடித் தரையில் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“நவம்பர்ல போற நன்கொடைக் கடிதத்துக்குங்க. என்னோட மொதக் கடிதம்.”

“அப்ப ‘எப்படி இருந்தது’ன்னு கேக்காத கண்ணு. எவளும் ‘கஷ்டமா இருந்தது’ன்னுதான் சொல்லுவா. அன்னிக்கு வீட்டு ஃப்ரிட்ஜுல என்ன இருந்ததுன்னு கேளு.”

டெஸ்ஸா என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “என்ன இருந்தது?”

“ஒரு கெச்சப் பாட்டில். தலைகீழா நிறுத்தி வச்சிருந்தேன். கீழ் வீட்டுல ஒருத்தர் இருக்காரு, கேட்டிருந்தா எதாவது குடுத்திருப்பாரு. நான் கேக்கல.”

கீழ் வீடு என்னுடையது.

அரை மணி நேரம் பேசினாள். நடுநடுவே கேள்விகளையும் அவளே சரி செய்து கொடுத்தாள். கடைசியில் டெஸ்ஸா காமிராவை எடுத்தாள். ரோன்டா பழக்கத்தில் சிரித்துவிட்டாள்.

“ரொம்ப அழகா வந்திருக்குங்க” என்றாள் டெஸ்ஸா.

“அத அழிச்சிடு. சிரிச்சா காசு வராது.”

ரோன்டா நாற்காலியில் சற்றுக் குறுகி உட்கார்ந்தாள். உதடுகளைச் சேர்த்து மூடினாள். காமிராவை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் வெறும் சுவரில் ஓர் இடத்தைத் தேடிப் பார்வையை நிறுத்திக்கொண்டு, மூடிய வாயோடு, எடுக்கச் சொல்லித் தலையை மட்டும் அசைத்தாள்.