அம்மா திருத்திய கடல்

எங்கள் அம்மாவுக்கு நேரம் தப்பிப் போன கடிகாரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுக்கு உப்புக் கடன் கேட்கப் போனாலும், அவர்கள் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்புவாள்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் அப்போது விழிஞ்ஞத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா கொத்தனார். கடலோரச் சுவரின் அடித்தளத்தைக் கட்டும் வேலையை என்ஜினீயர் அவரிடம் ஒப்படைத்திருந்தார். ஒழுங்காக முடித்தால் அப்பாதான் மேஸ்திரி. தவறினால் கொல்லத்திலிருந்து வேறு ஆள்.

கடல் இறங்கும் நேரம் பார்த்துத்தான் கான்கிரீட் போட வேண்டும். அதற்காக என்ஜினீயர் ஒரு வெளிநாட்டுக் கடிகாரம் தந்தார். ஒரே முள். உச்சியில் நின்றால் ஏற்றம், அடியில் நின்றால் இறக்கம். பௌர்ணமியன்று விடியுமுன் கடல் முழுதாக ஏறியிருந்த வேளையில் அப்பா முள்ளை உச்சியில் வைத்தார். நிலா தினமும் ஐம்பது நிமிஷம் போல பிந்தி வரும், அதன் இழுப்பில் ஏறி இறங்கும் கடலும் பிந்தும், முள்ளும் அப்படியே பிந்தும் என்று என்ஜினீயர் அப்பாவிடம் விளக்கியிருந்தார். அப்பா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் நிலாவைப் பற்றியெல்லாம் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

மறுநாள் காலை ரேடியோச் செய்தி வேளையில், முந்தின நாள் நின்ற இடத்துக்கு முள் வந்து சேரவில்லை என்பதை அம்மா கண்டுபிடித்தாள்.

“கண்டவன் சாதனத்த வாங்கிட்டு வந்தா இப்படித்தான். சோம்பேறிக் கிளாக்கு” என்றாள்.

அன்று முதல் செய்தி தொடங்கியதும் நான் “இப்பம்மா!” என்று குரல் கொடுக்க, அம்மா முள்ளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைப்பாள். சிமெண்ட் லாரி வர ஒரு வாரம் ஆகிவிட்டது. அந்த ஒரு வாரமும் தள்ளினோம்; தினம் ஐம்பது நிமிஷமாகக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

லாரி வந்தது சனிக்கிழமை. கடிகாரம் பத்து மணிக்கு இறக்கம் என்று காட்டியது. பள்ளி இல்லாததால் நானும் அப்பாவோடு போயிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், “கொத்தனாரே, கடல் ஏறுதாக்கும்” என்றார்.

“கிளாக்கு இறக்கம்ணு சொல்லுது” என்றார் அப்பா.

கடலுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை. பத்து மணிக்குள் போட்ட கான்கிரீட் முழுவதும் கரைந்து, தண்ணீர் பால்போல் வெளுத்தது.

என்ஜினீயர் வந்து பார்த்தார். “ஆராவது முள்ளத் தொட்டோ?” என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “ஆரும் தொடல்ல சாரே. நான்தான் தப்பா வச்சுப்போட்டேன்.”

“எங்கில் நிங்ஙளக் கொண்டு இந்த வேல பற்றாது” என்றார் என்ஜினீயர். அப்பாவால் இந்த வேலை ஆகாதாம்.

பொய் சொல்லக் கூடாது என்று ஞாயிறுப் பள்ளியில் படித்திருந்தேன். “அப்பா இல்ல சார். முள்ளு பிந்திப் போவுதுண்ணு அம்மாதான் தினமும் சரியாக்கி வச்சா” என்று உரக்கச் சொன்னேன்.

என்ஜினீயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். “கொத்தனார் வீட்டுக்காரி கடலயே திருத்திப்போட்டா!” என்று ஒருவன் கூவினான். கிழவர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த பௌர்ணமிக்கு அப்பாவே மறுபடி போடலாம் என்று சொல்லிவிட்டு என்ஜினீயர் ஜீப்பில் ஏறினார்.

அப்பாவின் வேலையைக் காப்பாற்றியவள் நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைத்தெருவைக் கடப்பதற்குள் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. டீக்கடை பெஞ்சிலும் அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு சிரித்தேன். சிரித்தபடியே அப்பாவின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் மறு கையிலிருந்த கொத்துக்கரண்டியை நான் பிடிக்கப் போன கைக்கு மாற்றிக்கொண்டார். மறு கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.