பூட்டிய வீட்டில் எரிந்த விளக்கு

நீங்கள் அக்கா தங்கை இரண்டு பேரும் சேர்ந்தால் இன்னும் அந்தப் பேய்க் கதையைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எதிரே பூட்டிக் கிடந்த வீட்டின் வாசல் விளக்கு பட்டப்பகலில் தானாக எரிந்த கதை. போன வாரம் செம்பாக்கத்தில் சித்தி வீட்டிலும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். கம்பெனி வேன் ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதை வாயால் சொல்ல இத்தனை நாள் முயன்றும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படப்பை தாண்டி நம் மனைப்பிரிவில் அப்போது எத்தனை வீடு? நம் தெருக் கடைசியில் நாமும் அந்தப் பூட்டிய வீடும்தான். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார்; சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டுக் காலையில் அணைக்கிற ஆள், புயலன்று போட்டதோடு பிறகு வரவே இல்லை. புயல் அடித்ததில் தெருமுனைப் புளியமரம் சாய்ந்து கரண்ட் கம்பியை அறுத்தது. நெட் ஒயரும் அதோடு போனது. செல்போனிலும் டவர் இல்லை. நான்காம் நாள் காலையில் நெட்காரர் வந்து அவருடைய ஒயரை ஒட்டிவிட்டு, "கரண்ட் வந்தா நெட் வந்துடும் சார்" என்று போய்விட்டார்.

அன்று பதினோரு மணிக்குப் பெரியவளுக்கு ஆன்லைனில் பரீட்சை. டேங்கிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த நாட்களில் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வாடகைக்கு விடுவார்களே, அப்படி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் ஜெனரேட்டரை கேட் பக்கத்தில் இறக்கினார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை நம் சுவர் பிளக்கிலும் சொருகினார். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி அணைக்கச் சொன்னார்.

"சார், இத்த மட்டும் மேல ஏத்திடாதீங்க. ஏத்தினா பேஜாராயிடும்."

"சரிப்பா."

சரி என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடியது. வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. பெரியவள் பரீட்சையில் உட்கார்ந்தாள். ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போனார்.

சின்னவளே, அப்போது நீ கேட்டாய்: "அப்பா, மெயினை ஆஃப் பண்ணிட்டா கரண்ட் வந்தது நமக்கு எப்படிப்பா தெரியும்?"

நல்ல கேள்விதான். கரண்ட் போனால் ஹால் ஃபேன் சுவிட்சை அணைக்காமல் விட்டு வைப்பது நம் வீட்டு வழக்கம். ஃபேன் சுற்றினால் கரண்ட் வந்துவிட்டது என்று நீங்கள் கூச்சல் போடுவீர்கள். நானும் அதே புத்தியில், மெயினைத் திறந்து வைத்தால்தானே வெளியிலிருந்து கரண்ட் உள்ளே வரும் என்று நினைத்தேன். மேலே தள்ளினேன். உள்ளேயிருந்தும் வெளியே போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டது உன் தப்பில்லை. தள்ளியது என் கை.

ஜெனரேட்டர் சத்தம் கொஞ்சம் கனத்தது. நீ வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாய்.

"அப்பா! அந்த வீட்ல லைட் எரியுது! உள்ள பேய் இருக்குப்பா!"

சிரித்துக்கொண்டுதான் வந்தேன். பூட்டிய கதவு, தூசி படிந்த ஜன்னல், மேலே மஞ்சளாக ஒரு குண்டு பல்பு. நம் வீட்டுக் கரண்ட் கம்பி வழியாகப் போய் அங்கே எரிகிறது என்று புரிய எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது. அதே கம்பி எங்கே போகிறது என்று பார்த்தேன். தெருமுனைக் கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிறோடு ஒரு லைன்மேன், அறுந்த கம்பியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வந்ததா தெரியாது. ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தேன். உள்ளே பெரியவள் "ஐயோ, நெட்!" என்று அலறியது கேட்டது. திரும்பிப் பார்க்கவே பயம். பார்த்தபோது அவர் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்ததுதான் என்னை விடாமல் துரத்துகிறது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த தார்ப்பாயை இழுத்து ஜெனரேட்டரை மூடினேன்.

அவர் ஒவ்வொரு காம்பவுண்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். தேனிப் பக்கத்திலிருந்து புயல் வேலைக்கு வந்தவராம். கண் சிவந்திருந்தது. சட்டையெல்லாம் சேறு.

"அண்ணே, இந்த லைன்ல யாரும் ஜெனரேட்டர் போட்டாங்களாண்ணே?"

"தெரியலையே. அந்தப் பக்கம் யாராவது போட்டிருப்பாங்க."

"கீழ நிக்கயில லைன் செத்துத்தான் கெடந்துச்சு. மேல ஏறுனா இன்னொரு வாட்டி டெஸ்டர் வச்சுப் பாக்குறது பழக்கம். வச்சேன். எரிஞ்சுச்சுண்ணே."

கையிலிருந்த டெஸ்டரைக் காட்டினார். என் ஓட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. அவர் பழக்கம்தான் காப்பாற்றியது.

அவர் பார்வை தார்ப்பாய் மேல் போய் நின்றது. பெட்ரோல் வாசனை இருந்தது. சூடு கூட அடித்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "யாரு வீடுன்னு தெரிஞ்சா சொல்லுங்கண்ணே. சண்டைக்குப் போக மாட்டேன். மெயினை எறக்கச் சொல்லணும், அம்புட்டுத்தான். கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவர் கேட்டபிறகுதான் கொடுக்கத் தோன்றியது. சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, திரும்ப அதே கம்பத்தில் ஏறப் போனார். நான் உள்ளே போய் மெயினைக் கீழே தள்ளி, அதன்மேல் கட்டைவிரலை வைத்து நின்றேன். சாப்பிடக் கூப்பிட்ட உங்கள் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். தெருவில் வேறு யாரோ கரண்ட் வந்துவிட்டது என்று கத்தும்வரை விரலை எடுக்கவில்லை.

பெரியவளே, உன்னிடம் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். ஜெனரேட்டர்காரரை நீ திட்டினாய், நான் தடுக்கவில்லை. அந்தப் பரீட்சையை நீ மறுபடி எழுத வேண்டி வந்தது.

துபாய்க்காரர் இப்போது குடும்பத்தோடு வந்துவிட்டார். சாயங்காலம் அந்த வாசல் விளக்கைப் போடுவார்கள். ஒவ்வொரு நாளும் அது எரிந்ததும் என் கண் கம்பத்துக்குத்தான் போகிறது. மேலே யாருமில்லை என்று பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவேன்.

சித்தி வீட்டில் அடுத்த தடவை அந்தக் கதையைச் சொல்லும்போது, அப்பாதான் மெயினை மேலே தள்ளினார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். தார்ப்பாயையும் சொல்லுங்கள். நான் எழுந்து போக மாட்டேன்.