ஆராய்ச்சியம்மா ஜன்னலுக்கு ஒரு ஹார்ன்

ஊரப்பாக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆராய்ச்சியம்மாவைச் சந்தித்தேன். ஒல்லி உருவம், தடித்த கண்ணாடி, வெளியே வந்தால் இரண்டு காதிலும் பஞ்சு. கெட்டுப்போன காது செல்லை மூலிகைச் சாறு சரிசெய்யுமா என்று பார்ப்பது அவர் வேலை.

ஆடித் திருவிழாவில் எங்கள் தர்மகர்த்தா அவருக்குத் தனி மரியாதை செய்தார். ஒரு ஹார்னை அவர் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டச் சொன்னார்.

"படிச்சவங்க, அம்மன் பாட்டு நல்லா கேக்கட்டும்பா."

மறுநாள் காலை அந்தம்மா என் ஆம்ப்ளிஃபயர் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, காதுக்குள்ள செல் செத்தா கோழிக்குத் திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது."

"அதுக்குத்தான் நீங்க மருந்து கண்டுபுடிச்சிகினு கீறீங்களே!"

"ஏதோ ஒரு இலை உதவலாம்னு தோணுது, அவ்ளோதான். முதல்ல ஹார்னைத் திருப்புங்க."

ஏரிப் பக்கம் திருப்பினேன். வருஷக்கணக்காக ஹார்னுக்கு அடியிலேயே உட்கார்ந்தவன் நான். இடது காதில் ஓயாமல் ஒரு 'கொய்ங்'.

"மருந்து எப்பம்மா வரும்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்து என் கேசட்டில் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. 'கொய்ங்' மட்டும் நன்றாகக் கேட்கிறது.