சித்தப்பாவின் ஐந்து கட்டைகள்

சித்தப்பாவின் சிவப்புக் காருக்கு அடியில் என் கை நுழையும், முழங்கை நுழையாது. அளந்து பார்த்திருக்கிறேன். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஒரு உடம்பு. சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, யாரோ ஓட்டிச் சலித்து மழையில் போட்டுவிட்டுப் போன வண்டியைக் கேட்டு வாங்கி, ஒரு வருஷம் பாடுபட்டு உயிர் கொடுத்து, தானே ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினால் லாரிக்காரர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்களாம். அவர் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல லாரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

எங்கள் வீடு வடக்கனந்தல் பக்கம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அந்த மலைக்குக் கார் ஒருநாளும் ஏறவில்லை. மலை எங்கே, கள்ளக்குறிச்சி போகும் வழியிலுள்ள வேகத்தடைகளையே அது குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக, ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டுதான் கடக்கும். தெருப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னது நான்தான் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாத விஷயங்களில் அது சின்னது.

தவளையின் வயிற்றுக்கு அடியில் சாதாரணமாக ஜாக்கி நுழையாது. அதனால் ஆயில் மாற்றுவது என்றால் எங்கள் வாசலில் ஒரு கும்பாபிஷேகம் நடக்கும். அதற்கென்றே சித்தப்பா ஐந்து கட்டைகள் வைத்திருந்தார். பழைய மாட்டுவண்டியின் மரத்தைக் கள்ளக்குறிச்சியில் அறுவை மில்லில் கொடுத்து அறுத்து வாங்கியவை. இரண்டு தடித்த பலகைகள். முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஓட்டி ஏற்றினால் வண்டி கொஞ்சம் உயரும், ஜாக்கி உள்ளே போகும். இரண்டு ஆப்புகள், பின்சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க. எங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவு, வண்டியின் கைப்பிரேக்கோ பேருக்குத்தான் இருந்தது. ஆப்பு பிளந்துவிடாமல் இருக்க இரண்டுக்கும் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வெட்டி ஆணி அடித்திருந்தார். ஐந்தாவது, உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டை, நடுவில் பள்ளம். அதை ஜாக்கியின் தலையில் வைத்தால் காரின் ஓரத்துத் தகடு பள்ளத்தில் போய் உட்காரும். வழுக்காது, நசுங்காது.

வண்டி எழுந்ததும் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் வண்டியை இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் படுப்பார். “ஜாக்கி தூக்கும், தாங்காது” என்பார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் சொல்வார். எங்கள் பசுமாட்டுக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும். வேலை முடிந்ததும் கட்டைகளைத் துடைத்து மாட்டுக்கொட்டகைச் சுவர் மேடையில் வரிசையாக வைப்பார். அந்த மேடையில் வேறு எதையும் யாரும் வைக்கக் கூடாது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷத்துப் போகி அது. டயர் கொளுத்தக் கூடாது, புகை கெடுதல் என்று பள்ளிக்கூடத்தில் உறுதிமொழியே எடுக்க வைத்துவிட்டார்கள். டயர் இல்லாத போகி எங்களுக்கு உப்பில்லாத பண்டம். எதிர்த்தெருக்காரர்கள் ஒரு உடைந்த கட்டிலைச் சேர்த்து வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. எங்களிடம் இருந்ததோ இரண்டு கிழிந்த பாய், ஒரு முறம், கொஞ்சம் துடைப்பம்.

விடிவதற்கு முன் மேளம் தட்டிக்கொண்டு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எதிர்த்தெரு நெருப்பு ஆளுயரம் எழுந்தது. எங்களுடையது பாய் எரிந்து முடிந்து சுருண்டு படுத்தது. நான் கொட்டகைக்கு ஓடினேன். பாவாடையை மடியாகப் பிடித்து, இரண்டு நடையில் ஐந்து கட்டைகளையும் கொண்டுவந்து போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவை யாருடையவை என்று தெரியும். எதற்கு என்று தெரியும். முந்தின மாதம் கோமுகி அணைக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, தன் பக்கத்தில் இருந்த ஒரே இருக்கையில் தம்பியை ஏற்றிக்கொண்டு போனவர் சித்தப்பா. அதுவும் நினைவில் இருந்தது. வருஷக்கணக்காக ஆயில் குடித்த மரம் அல்லவா, எரிந்தது பாருங்கள் ஒரு எரி! எதிர்த்தெருப் பிள்ளைகளே தங்கள் நெருப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான்தான் ராணி.

எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டிச் சாணி அள்ளக் காலனியிலிருந்து ஒரு அக்கா வருவார். மற்ற நேரத்தில் கரும்பு வெட்டப் போவார். கோலம் போட வாசல் வேண்டும் என்பதால் அன்று முதலில் சாம்பலைத்தான் அள்ளினார். நான் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு இரும்புப் பட்டையைக் குச்சியால் தள்ளி எடுத்தார். பிறகு இன்னொன்று. இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரி பூசிய என் முகத்தைப் பார்த்தார். பட்டைகளை ஓரமாக எடுத்து வைத்தார். நான் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பத்து மணிக்குச் சித்தப்பா ஆயில் டப்பாவோடு வந்தார். காணும் பொங்கலுக்குக் கோமுகி அணைக்குப் போகவேண்டும், இந்த முறை பாப்பா மட்டும்தான் என்று அறிவித்தார். பாப்பா என்பது நான். அறிவித்துவிட்டுக் கட்டைகளை எடுக்கக் கொட்டகைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

“போகியில கீகியில போட்டுட்டீங்களாடி?”

“பாயி மட்டுந்தான் சித்தப்பா போட்டேன்” என்றேன். என் குரல் அவ்வளவு சுத்தமாக வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மா முறத்தோடு வெளியே வந்தார். அம்மா கெட்டவர் அல்ல. யாருக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பியதில்லை. ஆனால் கொடுத்ததை மறந்ததும் இல்லை. “நேத்து சாய்ங்காலம் கொட்டக கூட்டுறவ பொங்கலுக்கு ரெண்டு வெறகு கேட்டா. எடுத்துக்கன்னேன். அதோட இதையும் சேத்து வாரிக்கினு பூட்டாளோ இன்னாவோ” என்றார். சொல்லிவிட்டு, கொட்டகையில் இருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வந்து வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். “நான் எடுக்கலீங்கம்மா. நீங்க குடுத்த வெறகுதாங்க கொண்டும்போனேன்.”

“அப்போ கட்டைக்குக் காலு மொளச்சிப் போச்சா?”

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார், கோபமாகக்கூட இல்லை. நான் காரின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என் முகம் கோணலாகத் தெரிந்தது. ‘நான்தான் போட்டேன்’ என்ற இரண்டே சொல் போதும். அடிக்குப் பயந்தேன் என்று சொன்னால்கூடப் பொய்தான், எங்கள் வீட்டில் என்னை யாரும் அடிப்பதில்லை. அணைக்குப் போவது போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

“வுடுங்க அண்ணி, கட்டதானே” என்று சித்தப்பா பேச்சை முடித்தார். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர், அன்றைக்கு வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். பண்டிகை அவசரம், நிறுத்தவில்லை. மறுநாள் பொங்கல் அடுப்புக்கு வாங்கி அடுக்கியிருந்த புதுச் செங்கற்களை எடுத்தார். முன்சக்கரங்களை நான்கு கல்லின்மேல் ஏற்றினார். பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு கல். ஜாக்கியின் தலையில் பள்ளக் கட்டைக்குப் பதில் ஒரு கோணித்துண்டு. அந்தக் கற்கள் சூளையில் சரியாக வேகாதவை. கையில் எடுத்தாலே செம்மண் ஒட்டியது, நானும் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் நான் பேசவில்லை.

ஜாக்கி ஏற ஏற முன்சக்கரம் கல்லை விட்டு மேலே எழுந்தது. சித்தப்பா இடது கையால் ஸ்டாண்டை உள்ளே தள்ளினார். அந்த நேரம் பின்னால் கல் ஒன்று பொருபொருவென்று உதிர்ந்தது. கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து வெளியே துள்ளியது. சத்தம் பெரிதாக இல்லை. சாய்ந்த ஸ்டாண்டின்மேல் காரின் ஓரம் வந்து உட்கார்ந்தது, நடுவே சித்தப்பாவின் இரண்டு விரல்கள்.

அவர் கத்தவில்லை. “யம்மா” என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னார். அம்மா முறத்தைப் போட்டுவிட்டுக் கத்தினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஓடியது அக்காதான். அவ்வளவு நேரம் தாண்டாத வாசலைத் தாண்டி வந்தார். சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து, ஒரு கருங்கல்லைக் காலால் தள்ளி முட்டுக் கொடுத்து, காருக்கு அடியில் செருகி, மறுமுனையில் தன் முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். “கைய எடுங்க, எடுங்க, எடுங்க” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கார் ஒரு விரல்கடை எழுந்தது. அது போதுமாயிருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஒன்று கடைசிவரை மடங்கவில்லை. சித்தப்பா யாரையும் குறை சொல்லவில்லை, கட்டை இல்லாமல் தூக்கியது என் மடத்தனம் என்றே சொன்னார். அம்மாவால் அப்படி விட முடியவில்லை. கட்டை இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். காரைத் தூக்கிய கடப்பாரையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருமுறை மட்டும் அப்பா, அவள்தானே ஓடிவந்து தூக்கினாள் என்றார். செஞ்ச பாவத்துக்குப் பரிகாரம் என்றார் அம்மா.

ஒவ்வொரு வருஷமும் மாட்டுப்பொங்கலன்று அக்கா குடும்பத்தோடு வருவார். பொங்கல், கரும்பு, ஒரு புதுப்புடவை வாங்கிக்கொண்டு போவார். அந்த வருஷம் யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, அவரும் வரவில்லை. நீலத்தில் மஞ்சள் கரை போட்ட அந்தப் புடவை பீரோவிலேயே கிடந்தது. கொட்டகை கூட்ட வேறொருவரை வைத்தார்கள். அக்கா போனது கரும்பு வெட்டவா, வேறு ஊருக்கா என்று நான் கேட்கவே இல்லை. ‘எடுத்தவள்’ என்ற பெயர் மட்டும் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டது. பிறகு எங்கள் வீதியில் வேறு யாரும் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

காணும் பொங்கலன்று எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். நான் கொட்டகைக்குப் போனேன். கட்டைகள் இருந்த சுவர் மேடையில் இரண்டு இரும்புப் பட்டைகளும் இருந்தன. சாம்பல் துடைத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஆணிகூடக் கழலாமல். போகியன்றே, எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகு வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு அக்கா அந்தக் கொட்டகைக்குள் வரவே இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டார். இதை யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிடு என்று எனக்காக வைத்துவிட்டும் போயிருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். இரண்டையும் பாவாடையில் சுற்றி எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டேன். முதலாவது விழுந்த சத்தம் கேட்டது, இரண்டாவது கேட்டதாக நினைவில்லை. அன்று இரவு அக்காவுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டுகூட இருக்கிறேன். எவ்வளவு நல்ல பிள்ளை நான்!

அக்காவுக்கு என்மேல் பிரியம் என்ற எண்ணத்தை வெகுகாலம் வைத்துக்கொண்டிருந்தேன், சுகமாக இருந்தது. போன வருஷம் என் காரின் சக்கரம் பஞ்சராகி, ஜாக்கியை எடுத்து வெளியே வைத்து, முட்டுக் கொடுக்கக் கல் தேடிக் குனிந்தபோதுதான் அந்தச் சுவர் மேடை நினைவுக்கு வந்தது. அங்கே வேறு எதையும் யாரும் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த மேடையைப் பார்க்கிறவர் ஒருவர்தான், சித்தப்பா. அந்த வீட்டுப் பிள்ளையைக் கைகாட்டிவிட்டு அந்த வாசலில் அக்கா மறுபடி நின்றிருக்க முடியாது. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? அதனால் அவர் வாயால் சொல்லவில்லை. கட்டைகள் எரிந்ததற்குச் சாட்சியான அந்தப் பட்டைகளை, கை கட்டு அவிழ்ந்து வந்ததும் சித்தப்பா முதலில் போய்ப் பார்க்கும் இடத்தில் வைத்தார்.

அது எனக்காக வைத்தது அல்ல. ‘நான் எடுக்கவில்லை’ என்று அந்த வீட்டில் அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதைத்தான் நான் கிணற்றில் போட்டேன்.