உம்மு நஜாத்தின் வீட்டில் குவைத் தெரிந்த மாலை

பஸ்ராவில் எங்கள் தெருவினர் கட்டில்களை மொட்டை மாடிக்கு ஏற்றும் காலம் நெருங்கிவிட்டால் உம்மு நஜாத்தின் தையல் இயந்திரம் ஓயாது. தெரு முழுவதற்கும் கொசுவலை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். கட்டிலின் நான்கு மூலைகளிலும் நட்ட பேரீச்ச மட்டைகளில் அவர் தைத்த வலையைக் கட்டினால் ஒரு முனைகூடக் கோணாது. அவருடைய கணவர் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். ஒரு நாள் படகிலேயே நெஞ்சு வலித்து இறந்துபோனார். அவர்களுக்கு ஒரே மகள், நஜாத். பிள்ளையின் பெயரைச் சேர்த்துத் தாயை உம்மு என்றும் தந்தையை அபூ என்றும் அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். மகன் பிறந்திருந்தால் அவன் பெயரால் அல்லவா அழைத்திருப்பார்கள் என்று யாராவது இரக்கப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. "என்னைக் கூப்பிடும்போதெல்லாம் என் மக பேரும் சேர்ந்து வருது. மகன் இருந்தா இது கிடைக்குமா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிடுவார்.

அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக எண்ணிவந்தேன். துறைமுகத்தில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து பதியும் பணியில் இருந்தவரை அதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஓய்வு பெற்றபின் முதலில் எழுதத் தோன்றியது இதுதான். என் மனைவி பஹீஜா இன்று உயிரோடு என் எதிரில் அமர்ந்து கீரை ஆய்கிறாள் என்றால், அந்தக் கோடையில் உம்மு நஜாத் எங்கள் சுவருக்கு அப்பால் குடியிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அந்த ஆண்டு பஹீஜாவுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. எங்கள் மகன் ராஃபித் பாக்தாதில் படித்துக்கொண்டிருந்தான். நானோ பகல் முழுவதும் துறைமுகத்தில் இருக்கவேண்டியவன். உம்மு நஜாத் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே பருப்புக் கஞ்சியை வடிகட்டி எடுத்துக்கொண்டு மாடி வழியாக வந்துவிட்டார். எங்கள் இரு மாடிகளுக்கும் நடுவில் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர்தான் இருந்தது. நெற்றித் துணியை மாற்றுவது, உடம்பைத் துடைத்துவிடுவது எல்லாவற்றையும் அவரே செய்தார். பொழுது சாயும் வேளையில் குழாயைத் திறந்து எங்கள் மாடித் தரை முழுவதும் தண்ணீர் ஊற்றுவார். பகலெல்லாம் வெயிலை வாங்கிய செங்கல், ஒரு மூச்சு ஆவி விட்டு அடங்கும். தரை ஆறியபின்பே பஹீஜாவை மேலே அழைத்துவந்து படுக்கவைப்பார்.

அதே கோடையில் அவருக்கும் ஒரு கவலை இருந்தது. நஜாத் மணமாகிக் குவைத்துக்குப் போனவள். அங்கே மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்ததால் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை. குவைத்துக்கும் பஸ்ராவுக்கும் வண்டி ஓட்டும் மிஸ்ஆல் என்பவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வருகிற வியாழக்கிழமை மாலை, குவைத் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியில் நஜாத்தின் வகுப்புப் பிள்ளைகள் பாடப்போகிறார்கள். நஜாத்தும் அவர்களோடு நிற்பாள். மகளின் முகத்தைக் கண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த தாய்க்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

தெற்கே திருப்பிய ஆன்டெனா இருந்தால் பஸ்ராவில் குவைத் தெரியும். அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் வசந்தகாலத்துப் புழுதிக்காற்று உம்மு நஜாத்தின் ஆன்டெனாவை, அதைத் தாங்கிய இரும்புக் குழாயோடு முறித்துப் போட்டிருந்தது. என் வீட்டு மாடிப்படிக் கூண்டு உயரமானது. ஆகவே புதிய ஆன்டெனாவை அதன்மேல் நட்டு, அதிலிருந்து வரும் பட்டை வயரை எங்கள் மாடித் தரையில் சுவரோரமாகக் கிடத்தி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அவர் வீட்டுக்குள் இறக்கியிருந்தோம். பிற்பகலில் ஒளிபரப்புத் தொடங்கும்போது படம் கண்ணாடிபோல் இருக்கும். பொழுது சாய்ந்ததும் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டும். ஒலி மட்டும் இரைச்சலுக்கு அடியில் கேட்கும். சிறுவர் நிகழ்ச்சி வருவது சரியாக அந்த வேளையில்தான்.

நான் எதையும் வரிசையாகச் செய்து பழகியவன். மாலைக் காற்று ஆன்டெனாவைத் திருப்புகிறது என்று முதலில் கருதி, குழாயைக் கயிற்றால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினேன். பலனில்லை. பிறகு நான் கூண்டின்மேல் நின்று ஆன்டெனாவை விரலளவு விரலளவாகத் திருப்ப, உம்மு நஜாத் கீழே திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வருது, வருது... போயிருச்சு. இப்பத் திருப்பு. அபூ ராஃபித், இப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு தலை தெரியுது, அதையாவது அப்படியே விடு" என்றார். அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் மேல் சந்தேகம் வந்தது. அதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தோம். வயரின் இரு முனைகளையும் சுரண்டித் திருகிப் புதிதாக முடுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஸஹ்ரூனை வரவழைத்தோம். அவர் ஓய்ந்த நேரம் பிற்பகல்தான். வந்தார், பெட்டியைத் திறந்தார், படம் துல்லியமாக ஓடியது. எலுமிச்சைத் தேநீரை உறிஞ்சியபடி, "பெட்டிக்கு ஒரு நோவும் இல்ல உம்மு நஜாத். நோவெல்லாம் உங்களுக்குத்தான், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மு நஜாத் சிரித்தாலும், அன்று மாலை புள்ளிகளுக்கு முன்னால் நெடுநேரம் அமர்ந்திருந்தார். வியாழன் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை நகரத்துக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. மாடியைக் கழுவ வழியில்லாமல் தெருவே முணுமுணுத்தது. பஹீஜாவைக் கீழேயே படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து உம்மு நஜாத்தின் குரல் கேட்டது: அன்று படம் போகவே இல்லையாம், செய்தி முடியும்வரை அப்படியே நின்றதாம். மறுநாள் தண்ணீர் வந்தது, மாடி நனைந்தது, படம் போயிற்று. எனக்குப் பொறி தட்டியது. அதற்கு அடுத்த நாள் பிற்பகல், படம் நன்றாக ஓடும்போதே அவரைத் திரையைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, வயர் கிடந்த சுவரோரம் முழுவதும் வாளித் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றி முடிப்பதற்குள் கீழேயிருந்து "போயிருச்சு" என்று குரல் வந்தது.

கோளாறு விளங்கிவிட்டது. இரண்டு கம்பிகளும் பட்டையாக ஓடும் அந்த வயர் ஈரத் தரையில் கிடந்தால், ஆன்டெனா பிடித்துக் கொடுப்பதைத் தரை வாங்கிக்கொள்கிறது. அன்று மாலை அதை உம்மு நஜாத்துக்குச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அவர் அப்போதுதான் பஹீஜாவை மேலே அழைத்துவந்து உட்காரவைத்திருந்தார். கேட்டுவிட்டுச் சுவரோரம் கிடந்த வயரைப் பார்த்தார்.

"அப்ப நானேதான் தினமும் என் மகளை அழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

வியாழனன்று ஒரு நாள் மட்டும் மாடியைக் கழுவவேண்டாம் என்று நான் சொன்னேன். பஹீஜாவும் தன் மெலிந்த குரலில், "ஒரு நாள் தரை சுட்டா நான் உருகிட மாட்டேன், உம்மு நஜாத்" என்றாள்.

"நீ பேசாத கண்ணு, நாக்கு வறண்டுரும்" என்று அவளை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என் மக பாடுறதை அல்லாஹ் நாடினா இன்னொரு நாள் பார்ப்பேன். இவ காய்ச்சலோட சுடு செங்கல்ல கிடக்கறதை என்னால பார்க்க முடியாது. தண்ணி ஊத்தத்தான் போறேன். வயரை நீ என்ன பண்ணுவியோ பண்ணு."

அவர் குரலில் கோபம் இல்லை. முடிவு மட்டும் இருந்தது. மகளைப் பார்க்கும் ஆசையையும் என் மனைவியின் முதுகுக்குக் கீழே இருக்கும் தரையின் சூட்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்து, ஒரு நொடியில் தீர்த்துவிட்டார். நான் அந்த அம்மையாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கு முழுவதும் தெரிந்தது.

பஹீஜா தலைக்குமேல் இருந்த கொசுவலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசக்கூடாது என்ற கட்டளையை மீறி, "வயரையும் வலை மாதிரி மட்டையில கட்டுங்களேன்" என்றாள். வீட்டில் உபரி மட்டைகள் கிடந்தன. பழைய தகர டப்பாக்களில் மண்ணை நிரப்பி அவற்றை நட்டு, சுவரோரமாக வரிசையாக நிறுத்தினேன். உம்மு நஜாத் கொசுவலைத் துணியின் வெட்டுத் துண்டுகளால் வயரை ஒவ்வொரு மட்டையிலும் முடிந்தார். வயர் தரையை விட்டு முழங்கால் உயரத்துக்கு எழுந்து, ஒரு தொய்வும் இல்லாமல் சுவரைத் தாண்டிப் போயிற்று. அதன் அடியில் தண்ணீரை ஊற்றினார். படம் அசையவில்லை.

வியாழனன்று பிற்பகலிலிருந்தே தெற்கத்தி ஈரக்காற்று பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் அந்தக் காற்றைப் பஸ்ராவில் யாரும் வாழ்த்தியதில்லை. ஆனால் அது வீசும் நாளில்தான் குவைத் நம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டதுபோல் தெளிவாகத் தெரியும். அன்று மட்டும் நான் அதற்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். உம்மு நஜாத் வழக்கம்போல் எங்கள் மாடியைக் கழுவி, பஹீஜாவைப் படுக்கவைத்து, அவளுக்குக் கஞ்சியைக் கொடுத்த பிறகே தம் வீட்டுக்கு இறங்கினார். அங்கே தெருப் பெண்கள் தரையெல்லாம் நிறைந்திருந்தார்கள். நான் வாசல் நிலையருகே நின்றேன்.

பள்ளியின் பெயரைச் சொன்னார்கள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, கையசைத்துப் பாட்டை நடத்திக்கொண்டு, நமக்கு முதுகு காட்டி ஆசிரியை நின்றாள். பாட்டு ஓடியது. கடைசிவரை அவள் திரும்பவே இல்லை. "இந்தப் பக்கம் திரும்பேன்டி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாட்டு முடிந்து பிள்ளைகள் கை தட்டினார்கள். உடனே வேறொரு காட்சி வந்துவிட்டது. எப்படி ஆறுதல் சொல்வதென்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

உம்மு நஜாத் இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தீங்களா?" என்றார். "அந்த நீலச் சட்டை அவ போகும்போது நான் தைச்சுக் கொடுத்தது. அப்போ தோள்ல தொங்குச்சு. இப்போ தையல் விட்டுரும் போல இறுகியிருக்கு. நல்லா சாப்பிடுறா. அல்லாஹ்வுக்குப் புகழ்."

முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்துக்கொள்ள முடியும் என்று பின்னர் அவர் என்னிடம் விளக்கினார். மகள் திரும்பி நின்று சிரித்திருந்தால், தாய்க்காகச் சிரிக்கிறாளோ என்று தாம் ஐயப்பட்டிருப்பாராம். முதுகுக்கு அப்படி நடிக்கத் தெரியாது என்றார்.

பெண்கள் கலையும் முன்பே அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நான் ஏறிச்சென்றபோது பஹீஜாவின் கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்: எந்தப் பிள்ளை வாயைத் திறக்காமலே பாடியது, எது மூக்கைத் துடைத்தது, நஜாத்தின் கை எப்படி உயர்ந்து இறங்கியது என்று. காய்ச்சல் கண்ட நாள்முதல் சிரிக்காத பஹீஜா, மூக்கைத் துடைத்த பிள்ளையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை சுவருக்கு அப்பால் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்டது. பச்சைத் துணியில் ஒரு புதுச் சட்டை. தோளில் இரண்டு விரல் கூடுதலாக விட்டிருந்தார். மிஸ்ஆலின் வண்டி தெற்கே புறப்படுவதற்குள் பொத்தான் தைத்து முடித்துவிட்டார்.