பாட்டுக் கேட்கிற ஹெட்போன்

என் ஹெட்போனை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இந்தத் தடவை சொன்னவன் என் கொழுந்தன். மேனாம்பேட்டு ஃபிளாட்டில் எங்களோடுதான் இருக்கிறான். ஞாயிறு மதியம் எங்கள் குடியிருப்புக்கும் பக்கத்துக் குடியிருப்புக்கும் துப்பாக்கிச் சண்டை கேமில் போட்டி. எங்கள் அணிக்கு அவன்தான் கேப்டன். நாலாவது ஆளாக இருந்த என்னைச் சனிக்கிழமை அணியிலிருந்து தூக்கிவிட்டான்.

“அண்ணி, உங்க ஆட்டம் சூப்பரு. ஆனா இது பாட்டு கேக்கற சாமான். எதிராளி நடந்து வர்ற சத்தம் இதுல இன்னா கேக்கப் போவுது? ஓரமா குந்திகினு பாருங்க.”

அவனுடையது கேமுக்கென்றே செய்தது. காதோரம் பச்சையும் சிவப்புமாக விளக்கெரியும். என்னுடையது வெறும் கறுப்பு. வெளிப்பக்கம் மூடியில்லாமல் சல்லடைபோலத் திறந்திருக்கும்.

“கண்ணைக் கட்டிப் பாத்துருவோமா?” என்றேன்.

முதலில் ஒரு நாதஸ்வரக் கச்சேரி. அவனுடையதில் தவில் தொம் தொம்மென்று முட்டியது. நாதஸ்வரம் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. என்னுடையதில் வாசிக்கிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. “பாட்டுக்கு ஓகே” என்றான், பெரிய மனதோடு. துப்பாக்கி வெடி அவனுடையதில்தான் பிரமாதம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அடுத்தது கேம். என் கணவர் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஓர் ஆளை நடக்கவிடுவார். கண்ணில் துண்டைக் கட்டியவர் அந்த ஆள் எந்தப் பக்கம், மாடியிலா கீழேயா என்று சொல்ல வேண்டும். கொழுந்தன் இடம் வலம் சரியாகச் சொன்னான். மாடியா கீழா என்பதில் நான்கு தடவை கோட்டைவிட்டான். நான் ஒன்றையும் விடவில்லை. கடைசித் தடவை, “மேல, வலப்பக்கம். பின்னால இன்னொருத்தர் வெறுங்காலோட வர்றாரு” என்றேன்.

ஒரே சிரிப்பு. கேமில் நடந்தது ஒரே ஆள்தான். துண்டை அவிழ்த்துத் திரும்பினால், வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு என் மாமியார்.

“பாத்தியாண்ணா! வெளிச் சத்தம்லாம் உள்ள வந்துகினு கீது. மிக்சி போட்டா அண்ணி காலி!” என்று குதித்தான். உண்மைதான், திறந்த ஹெட்போனின் குறை அது. ஹெட்போனைக் கழற்றினேன்.

மாமியார் தட்டை வைத்தார். “அவ சொன்னதுல இன்னா தப்பு? நான் வந்தேனா இல்லியா? நாளைக்கு ஆட்டம் முடியற வரிக்கும் இந்த ஊட்ல மிக்சி ஓடாது. அவ ஆடட்டும்.”

ஞாயிறன்று குக்கர்கூட வாய் திறக்கவில்லை. கடைசிச் சுற்றில் சாகாமல் மிஞ்சியது எங்கள் பக்கம் நானும் கொழுந்தனும், எதிர்ப்பக்கம் ஒருவன், மூவரும் ஒரே கிடங்குக்குள். காலடிச் சத்தம் நெருங்கியது. கொழுந்தன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அண்ணி, மேலயா கீழயா?”

“மேல. நீ ஓரமா குந்திகினு பாரு” என்று சொல்லிவிட்டு, படி உச்சியில் தலை தெரிந்ததும் சுட்டேன்.

கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சமையலறைப் பக்கம் கத்தினான். “எம்மா! அண்ணி ஜெயிச்சிருச்சு! மிக்சி போட்டுக்கோ!”