தண்ணீர் நிற்கும் மூலை

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த குடையை மடக்கி, அதன் முனையால் மொட்டைமாடியின் ஒரு மூலையைக் காட்டியபடி தெருவின் எதிர்வாடையில் நின்றார் அந்த அம்மா. தலையிலிருந்து தண்ணீர் வழிந்து முகமெல்லாம் ஓடியது. விரித்த குடை மாடியை மறைக்கிறதென்றுதான் மடக்கியிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. "அங்கதான் அக்கா, அந்த மூலைலதான் தண்ணி நிக்கும். பக்கத்து வீட்டு வேப்பெலை வந்து தண்ணி போற ஓட்டையை அடைச்சுக்கும். சீக்கிரம் ஏறுங்க" என்று கத்தினார். அவரும் கணவரும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. அதற்குள் அவர் இனிமேல் கால் வைக்கக் கூடாது. சாவி என் இடுப்பில் இருந்தது.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நாலு ஆம்பளைகள் நிற்கிற தெருவென்றால் சுற்றிக்கொண்டு போகிறவள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். கடன் கட்ட முடியாதவர்களின் வீட்டை வங்கிக்காரர்கள் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஏலம் முடிகிறவரை அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் ஏஜென்சியின் பொறுப்பு. கூட்ட வேண்டும், புல் செதுக்க வேண்டும், மோட்டார் இறுகிப்போகாமல் அவ்வப்போது ஓட்டிவிட வேண்டும், உடைந்த பூட்டை மாற்ற வேண்டும். செலவை முதலில் நாம் போட வேண்டும். வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, வேலை முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பினால் சூப்பர்வைசர் தம்பி அதை வங்கியில் காட்டி வாங்கித் தருவார்.

முதல் வீட்டிலேயே அவரிடம் பேச்சு வாங்கினேன். குப்பையும் ஒட்டடையுமாக ஒரு வீட்டைப் படம் பிடித்து ஊரான் பார்க்க அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கிவிட்டுத்தானே கதவைத் திறப்போம்? அதனால் நன்றாகக் கூட்டித் துடைத்துவிட்டு முதல் போட்டோவை எடுத்தேன். கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாவதையும் எடுத்தேன். போனில் அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தமே கேட்டது. "ஆத்தா, ரெண்டு போட்டோவும் ஒண்ணுபோலல்ல இருக்கு! எந்த வேலைக்குக் காசு கேக்கச் சொல்றீங்க?"

"நல்லாத்தான தம்பி இருக்கு?"

"அதான் ஆத்தா பிரச்சினையே. குப்பையோட எடுங்க, கும்புட்டுக்கிறேன்."

அந்த அம்மாவின் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் ஜவுளி மொத்த வியாபாரம் செய்தவர். கடையைப் பெரிதாக்க வீட்டின் பேரில் கடன் வாங்கியிருக்கிறார், வியாபாரம் படுத்துவிட்டது. இதெல்லாம் தெருவில் சொன்னது. நான் போன முதல் நாளே வாசலைப் பார்த்து மனசு என்னவோபோல் ஆனது. மற்ற வாசல்களில் எல்லாம் கோலம், இது ஒன்று மட்டும் எழவு விழுந்த வீடுபோல் வெறிச்சென்று கிடந்தது. போதாததற்கு, கோலம் இல்லாத வாசல் திருடனுக்குச் சொல்லாமல் சொல்லிவிடும். குழாயிலிருந்து வயர் வரைக்கும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். கோலப்பொடிக்கெல்லாம் பில் கிடையாது என்றார் சூப்பர்வைசர் தம்பி. கிடையாவிட்டால் போகிறது.

அந்தக் கோலம்தான் அவரை முதலில் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு காலைநேரம், மூச்சு வாங்க கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள யாரும் குடிவந்துட்டாங்களா அக்கா?"

"இல்லையேம்மா. நீங்க யாரு?"

"வாசல்ல கோலம் கெடக்குன்னு சொன்னாங்க. வித்துருச்சோன்னு பஸ் ஏறி ஓடியாந்தேன்."

"நாந்தேன் போட்டேன். களவாணிப் பயலுகளுக்காகப் போடுறதும்மா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டுக்காரம்மா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய சொந்தக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, உள்ளே விடவே கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம். எனக்கோ யாரோடும் பேசவே வராது. ஆனாலும் அவர் அடிக்கடி வந்து எதிர்வாடையில் நிற்க ஆரம்பித்த பிறகு, ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டைத் திறந்து, "உள்ள வாரீகளா?" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "வரச்சொல்லாதீங்க அக்கா. வந்துட்டா எனக்கு வெளிய வரத் தெரியாது." பிறகு காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து, அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அது என்னிடம் சொன்னதில்லை, அதனால் என்னவென்று நான் கேட்கவும் இல்லை.

ஏலம் போட்டுப் பார்த்தார்கள், யாரும் கேட்க வரவில்லை. மறுபடியும் போட்டார்கள், அப்போதும் வரவில்லை. அந்த அம்மாவின் குடும்பத்துக்கு அதில்தான் உயிர் இருந்தது. வீடு விற்காமல் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போனால், சொந்தத்தில் ஒருவரிடம் பணம் புரட்டி வங்கியில் கட்டி வீட்டை மீட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுக்காரர் என்னை இந்தப் பக்கமே போகாதேங்கறார். வீடு நாறிக் கெடக்கட்டும், பாக்குறவன் மூஞ்சியைச் சுளிச்சிட்டுப் போகட்டும், அதான் நமக்கு நல்லதுங்கறார்" என்று அவரே சொன்னார். கேட்டதும் என் கையில் இருந்த விளக்குமாறு கனத்துப்போனது. நான் ஒழுங்காகப் பார்க்கப் பார்க்க அவர் வீடு அவர் கையை விட்டுப் போகும். நான் பார்க்காமல் விட்டால் என் பிழைப்புப் போகும். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அப்படியே விட்டுவிடுங்கள் அக்கா என்று, நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் கேட்கவே இல்லை.

அப்படியிருந்தும்தான் அந்த மழையில் அவர் வந்தார். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது. அவர் காட்டிய மூலையில் கையை விட்டு இலையை அள்ளி எறிந்ததும் சுழித்துக்கொண்டு இறங்கியது. கீழே வந்தால் ஹாலின் கூரையில் ஈரம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "இன்னைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுருங்க அக்கா. விட்டா காரை பேர்ந்து விழுகும்" என்றார். வீடு கெட்டுக் கிடப்பதுதான் தங்களுக்கு நல்லது என்று தெரிந்தவர். "செவுரு ஊறுறதைப் பாத்துக்கிட்டு எப்படி அக்கா இருக்கிறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்போதுதான் குடையை விரித்தார்.

மழை விட்டதும் கொத்தனாரை வைத்து மாடித் தளத்தில் இருந்த விரிசலை அடைத்தேன். கைக்காசுதான். சூப்பர்வைசர் தம்பி கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி நின்னதுக்குப் போட்டோ எங்க ஆத்தா?" அவ்வளவு தண்ணீரில் யாருக்குப் போட்டோ ஞாபகம் வரும்? எனக்காகக் கேட்டுப் பார்த்தார், வங்கியில் முடியாது என்றுவிட்டார்கள். அடுத்த தடவை அந்த அம்மா வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். உடனே பர்ஸைத் திறந்தார். வாடகைக்கே திண்டாடுகிறவர். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டு மராமத்துக்கு நான் குடுக்கக் கூடாதா அக்கா?" என்றார்.

வாங்க மாட்டேன் என்றால், இது உங்கள் வீடு இல்லை என்று நான் சொன்னதாக ஆகிவிடும். அந்த நோட்டீஸ் சொன்னதையே நானும் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஏலத்தில் வீடு போய்விட்டது. வாங்க வந்தவர் ஹாலின் கூரையை அண்ணாந்து பார்த்து, "இந்த மழைக்கும் ஒரு பொட்டு ஈரம் இல்லையே" என்று தன் மனைவியிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாழ்நாளில் என் வேலையைப் புகழ்ந்து யாரும் சொன்னதில்லை. அன்றைக்குக் கேட்டதும் வாசலுக்கு வந்துவிட்டேன்.

கீழக்குயில்குடிப் பக்கம் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கணவர் என்னைப் பார்த்ததும், "வாங்க. வீட்டை அம்புட்டு நல்லா வச்சிருந்தீங்களாம். வாங்கினவன் சந்தோசமா வாங்கியிருக்கான்" என்றார். அந்த அம்மா அவர்கள் பாஷையில் அவரை ஏதோ அதட்டினார், அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மூலையைத் தானேதான் காட்டிக்கொடுத்ததாக, அன்றைக்குத் தான் வாயைத் திறந்திருக்கக் கூடாதென்று அந்த அம்மா சொல்லுவாரோ என்று காத்திருந்தேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "புதுசா வந்தவங்ககிட்ட அந்த வேப்பெலையைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அது நடந்து ரொம்பக் காலமாகிறது. இன்னும் இதே வேலைதான் பார்க்கிறேன். ஆனால் புதிதாக ஒரு வீட்டுச் சாவி கைக்கு வந்தால், விளக்குமாற்றை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெருவில் விசாரிக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் தேடிப் போகிறேன். "பஸ் டிக்கெட்டெல்லாம் பில்லுல வராது ஆத்தா" என்று சூப்பர்வைசர் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். ஒருத்தி என்னை வைது தீர்த்தாள், கேட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் இருப்பார் என்றார்கள். போய் நின்று, நான் இன்னார், உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன், எதை எப்படிப் பார்க்க வேண்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் கையிலிருந்த டீ ஆறிப்போனது. பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"கெழக்குப் பக்கத்து ஜன்னல் கதவு மழைக்கு உப்பிக்கும் ஆத்தா. அடிச்சுச் சாத்திறாதீங்க. கொஞ்சம் தூக்குனாப்புல சாத்தணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்திருப்பார்போல. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, அங்கே இல்லாத ஒரு கதவை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் தூக்கி, சத்தம் வராமல் சாத்திக் காட்டினார்.